ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்

ஆறாம் வார்டு உறுப்பினர், சாக்கடை மூடிகள் வாங்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கிய நிலையில் இறந்துபோனார். தூக்கிய கை அதற்குப் பிறகு இறங்கவில்லை. அன்றைக்கு நகர மன்றத்தில் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை. சந்தைக் கொட்டகைக்குத் தகரம் மாற்றுவது, தெருநாய் பிடிக்க ஆள் வைப்பது, அப்புறம் இந்த மூடிகள், கடைசியில் குளத்து மீன் குத்தகை. மூடிகளுக்கு ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். மீன் குத்தகைக்கும் அதே ஐந்து, அதே நான்கு. தலைவர் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். உறுப்பினர்கள் மேஜைக்கடியில் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்கள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்த எழுத்தர், "அண்ணே, கூட்டம் முடிஞ்சு போச்சு, கையக் கீழ போடுங்க" என்று தோளைத் தொட்டபோதுதான் அது தண்ணீர்ப் பானை போலக் குளிர்ந்திருப்பது தெரிந்தது. கண் திறந்திருந்தது. முகத்தில் வலியின் சாயல் இல்லை. கூட்டங்களில் எப்போதும் இருக்கும் அந்த லேசான சங்கடம் மட்டும் அப்படியே இருந்தது.

அவருக்குச் சந்தை முனையில் சைக்கிள் கடை. ஊரில் அவருக்கு எதிரி கிடையாது. அதற்காகவே அவரை மன்றத்துக்கு நிறுத்தினார்கள். காற்றடிக்க வந்தவன் கடன் கேட்டாலும் சரி என்பார், கடன் கொடுத்தவன் உடனே திருப்பிக் கேட்டாலும் சரி என்பார். இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து கேட்டதாக அவர் மனைவிக்கே ஞாபகம் இல்லை. மன்றத்தில் ஒன்பது இடங்கள். மரவாடி வைத்திருந்த தலைவர் பக்கம் நான்கு பேர், எழுதுபொருள் கடைக்காரர் பக்கம் நான்கு பேர், நடுவில் இந்த மனுஷன். முதல் மாதத்திலேயே தலைவர் அவர் தோளில் கை போட்டு, "நீங்க எதையும் யோசிக்க வேண்டாம், நான் கையத் தூக்கும்போது நீங்களும் தூக்கினா போதும்" என்றார். சைக்கிள் கடைக்காரரும் சரி என்றார். அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவரின் கை எழும்பிச் சற்று நேரம் கழித்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குகிறவர் போல, அவர் கையும் மெதுவாக எழும்பும்.

சேதி வந்தபோது மனைவி பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் நல்ல தையற்காரி என்று பெயரெடுத்தவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே ஓடினாள். மன்றக் கூடத்தில் நான்கு பேர் சேர்ந்து அவர் கையை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொங்கிக்கூடப் பார்த்தார். கை ஒரு விரற்கடை அசையவில்லை. உடம்பும் உட்கார்ந்த நிலையிலேயே இறுகிவிட்டது. நாற்காலியிலிருந்து பிரிக்க முடியவில்லை. அரசு மருத்துவர் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"உயிர் இல்லம்மா. மாரடைப்பு மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப நாற்காலியோடயே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். நாற்காலிய நாளைக்கே திருப்பித் தந்துடறேன்" என்றாள் அவள்.

தலைவர் நெருங்கி வந்தார். அவர் கெட்டவராகப் பேசினதே இல்லை, கடைசிவரைக்கும். "தங்கச்சி, பொது ஜனம் செத்தா பதிவு பண்றது மன்றம். உறுப்பினர் செத்தா மன்றம் கூடித் தீர்மானம் போடணும். அதுவரைக்கும் அவர் உறுப்பினர். உறுப்பினரை இந்தக் கூடத்துலேருந்து வெளியில தூக்கிட்டுப் போறதுக்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. அடுத்த மாசக் கூட்டத்துல வச்சு முடிச்சிடலாம். கவலப்படாதீங்க."

அவள் மருத்துவரைப் பார்த்தாள். மருத்துவர் தன் பெட்டியை மூடுவதில் மும்முரமாக இருந்தார். எழுதுபொருள் கடைக்காரர் மட்டும் வாசல்வரை அவளோடு வந்தார். தலைவர் ஆதரிப்பவர்கள் என்று கேட்பதற்கு முன்பே அந்தக் கை மேலே இருந்தது என்றும், மூச்சு முட்டி வெளியே போக அனுமதி கேட்டுத் தூக்கியிருக்கலாம் என்று தனக்குத் தோன்றுகிறது என்றும் சொன்னார். அன்று தொடங்கி அவள் தனியாக இருக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வாள். ஜுரத்தில் படுத்திருந்தால்கூட அவர் வாய் திறந்து கூப்பிட மாட்டார். அவள் திரும்பிப் பார்க்கும்வரை கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடப்பார்.

உடம்பு அடுத்த மாதம்வரை கெடவில்லை. எறும்பு வரவில்லை, ஈ உட்காரவில்லை. அந்தச் சாலைப் பக்கம் வாடிப்போகாமல் இருந்தது அவர் ஒருவர்தான், அவ்வளவு கோடை. கூட்டத்தன்று அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் படித்த வாசகம் இதுதான்: ஆறாம் வார்டு உறுப்பினர் தம் பணியைத் தொடர்ந்து ஆற்றிவருகிறார் என்று இம்மன்றம் கருதுகிறது, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம். நான்கு கைகள் எழுந்தன. ஐந்தாவது ஏற்கெனவே எழுந்திருந்தது.

எழுதுபொருள் கடைக்காரர் மேஜையைத் தட்டினார். "செத்தவர் தான் சாகலன்னு தானே ஓட்டுப் போடுறாரா? என்னங்க அநியாயம் இது?"

"அவர் கை தூக்கியிருக்காரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"தூக்கியிருக்கார். எதிர்ப்பவர்கள்னு நீங்க கேக்கும்போதும் இப்படித்தான் தூக்கிட்டிருப்பார். அப்ப அதையும் எண்ணுவீங்களா?"

"ஒரு கைக்கு ஒரு ஓட்டு. முதல்ல எண்ணினா எண்ணினதுதான்" என்றார் தலைவர். எழுத்தர் ஐந்துக்கு நான்கு என்று எழுதினார். பெஞ்சில் இருந்தவள் எழுந்து வீட்டுக்குப் போய், பாதியில் விட்ட பாவாடைக்குக் கரை மடித்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கு அவர் செத்திருக்க வேண்டும் அல்லவா என்று மகளிடம் சொன்னாள். மகள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில், லாரி ஓட்டும் தம்பியை வரவழைத்து, விடிகிற சமயத்தில் நாற்காலியோடு தூக்கி வந்துவிடப் பார்த்தாள். கூடத்தின் பின்கதவுவரை கொண்டுவந்துவிட்டார்கள். தூக்கிய கை நிலைப்படியில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், அதற்குள் காவலாள் விழித்துக்கொண்டான். பதவியில் இருக்கும் மன்ற உறுப்பினரைக் கடத்த முயன்றதாகத் தம்பிமேல் வழக்கு எழுதினார்கள். தலைவரே காவல் நிலையத்துக்குப் போய், குடும்ப விவகாரம், விட்டுவிடுங்கள் என்று சொல்லி அவனை மீட்டுக்கொண்டு வந்தார். தம்பி அதற்குப் பிறகு அக்காள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். செத்த அத்தானை விட உயிரோடு இருக்கிற காவல்காரர்கள் பயங்கரம் என்று தன் மனைவியிடம் சொன்னானாம்.

வருஷங்கள் போயின. மன்றம் மாதம் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, குப்பை வண்டி, கழிப்பிடம், கட்டட அனுமதி என்று காரியங்கள் ஐந்துக்கு நான்கில் நடந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின நாள் தையற்காரி ஒரு வாளித் தண்ணீரும் சட்டையுமாகப் போவாள். வலது கை மேலே நிற்பதால் வழக்கமான சட்டை அவருக்கு ஏறாது. இடுப்பிலிருந்து அக்குள் வழியாக மணிக்கட்டுவரை பிரித்து, நெடுக அழுத்துப் பொத்தான் வைத்து அவளே ஒரு மாதிரி கண்டுபிடித்தாள். தூசி துடைத்துச் சட்டை மாற்றும்போது வீட்டு நடப்பைச் சொல்வாள்: மழைக்குச் சமையலறைச் சுவர் ஊறியது, கடையை ஒரு பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு வாடகைக்கு விட்டது, மகள் கணக்கில் தேறியது. சில நாள் கோபம் வந்துவிடும். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கையக் கீழ போட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்று அந்த முழங்கையை அடிப்பாள். அடித்த இடத்தைப் பிறகு தடவிவிடுவாள். எழுத்தர் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி மை நிரப்பிக்கொண்டிருப்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, பெண்ணுக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதுதான். தையற்காரி வாயைத் திறப்பதற்குள் மகள், "மன்றத்துல இருக்கார்" என்றாள். சொன்ன தொனியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த அம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உறுப்பினர் வீட்டுச் சம்பந்தம் என்பது அந்த ஊரில் சின்ன விஷயமில்லை. கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் கூடத்துக்குப் போய் அவர் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் பார்த்தால் அவர் அவர்களை ஆசீர்வதிப்பது போலவே இருக்கும். தெரியாதவர்கள் நல்ல படம் என்பார்கள். தையற்காரி அதை வீட்டில் மாட்டவில்லை.

தேர்தல் வந்தது. ஆறாம் வார்டுக்கு யாரை நிறுத்துவார்கள் என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தலைவர் அவர் பெயரையே கொடுத்தார். கட்டைவிரல் ரேகையை இடது கையில் எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்து நிற்கும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. அப்போது தையற்காரி போய்த் தன் பெயரைக் கொடுத்தாள். தான் ஜெயித்தால் அவர் உறுப்பினராக இருக்க மாட்டார், உறுப்பினராக இல்லாதவரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், புதைக்கலாம், அழலாம். அவளுடைய தேர்தல் வாக்குறுதி மொத்தமும் அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் அதைச் சொன்னாள். பல வீடுகளில் அவள் தைத்த துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள்.

மாவு மில்காரி, அவளுக்கு நெருங்கிய சிநேகிதி, மனம்விட்டுப் பேசினாள். "புருஷனுக்கு எதிரா நிக்கிறியேன்னு ஊர் பேசுது, அத நான் கண்டுக்கல. ஆனா யோசிச்சுப் பாரு. அவர் அங்க உக்காந்ததுலேருந்து நம்ம தெருவுக்கு விளக்கு வந்துச்சு, குழாய் வந்துச்சு. ஒரு நாள் லீவு கிடையாது. யார்கிட்டயும் கை நீட்டல."

"கையத் தூக்கிட்டே இருக்கறவர் எப்படி நீட்டுவார்?"

"சிரிப்புக் காட்டாத. தலைவருக்கு அவர் வேணும். அவர் இருக்கற வரைக்கும் இந்தத் தெருவத் தலைவர் தொட மாட்டார். நீ ஜெயிச்சு உள்ள போனா, எங்களுக்கு என்ன கெடைக்கும்?"

தையற்காரிக்குப் பதில் இருந்தது, ஆனால் அது அவளுக்கு மட்டுமே உதவுகிற பதிலாக இருந்தது. வாக்குகளை எண்ணி முடித்தபோது அவர் கொடி கட்டிப் பறந்தார். அவளுக்கு விழுந்தவை ஒரு முறத்தில் அடங்கும். மகள் ஊரிலிருந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். புறப்படும்போது வாசலில் நின்று, "அம்மா, கோச்சுக்காத. நான் அப்பாவுக்குத்தான் போட்டேன். ஒருத்தரும் போடாம விட்டுட்டா அவருக்குக் கஷ்டமா இருக்குமேன்னு தோணுச்சு" என்றாள். "எனக்கு?" என்று கேட்க நினைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி அனுப்பிவைத்தாள் தையற்காரி. மறுநாள் காலையில் வழக்கம் போலச் சட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பதவி ஏற்புக்காக வெள்ளையில் புதிதாகத் தைத்தது. தோற்றால் இது தேவைப்படும் என்று முன்கூட்டியே தைத்து வைத்திருந்தாள்.

மாவு மில்காரி சொன்னது இன்னும் சில காலம் சரியாகவே இருந்தது. பிறகு ஊர்க் குப்பையைக் கொட்டுவதற்கு இடம் போதாமல் போயிற்று. தலைவரின் மரவாடிக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது, ஆனால் அது மரவாடிக்குப் பின்னால் இருந்தது. மீதி இருந்தது ஆறாம் வார்டு. தாழ்வான பகுதி, சாலைக்குப் பக்கம், லாரி போக வசதி. அங்கே இருக்கும் வீடுகளை எடுத்துக்கொண்டு, குடும்பங்களை ஊருக்கு வெளியே இடுகாட்டைத் தாண்டிப் புதுக் குடியிருப்புக்கு அனுப்புவது என்று தீர்மானம் தயாரானது. சேதி கசிந்த அன்றே தெரு முழுக்க மன்றக் கூடத்தின் வாசலில் கூடிவிட்டது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் வரிசையாக உள்ளே போய் அவரிடம் முறையிட்டார்கள். சிலர் கெஞ்சினார்கள். சிலர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். மாவு மில்காரி அவர் மடியில் தலை வைத்து, "அண்ணே, உங்க வீடும் போகுதுண்ணே" என்று அழுதாள். பிறகு வெளியே வந்து, தையற்காரியின் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தையற்காரி வாளியோடு போனபோது எழுத்தர் தன் வேலையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அவள் முகத்தைத் துடைத்தாள். காதுமடலைத் துடைத்தாள். சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை அழுத்திக்கொண்டே வந்தாள். "நாளைக்கு நம்ம வீட்ட எடுக்கறதுக்குக் கேப்பாங்க" என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். யார் மனசும் நோகக் கூடாது உங்களுக்கு. நான் கெஞ்ச வரல. தெரியாமப் போச்சேன்னு அப்புறம் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்." தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. தலைவர் தீர்மானத்தைப் படித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நான்கு கைகளும், மேலே நின்ற கையும். எழுத்தர் ஐந்து என்று குறித்தார். எதிர்ப்பவர்கள் என்றார் தலைவர். எழுதுபொருள் கடைக்காரர் பக்கம் நான்கு கைகள் எழுந்தன. அப்போது ஆறாம் வார்டு உறுப்பினரின் இடது கை, இத்தனை வருஷம் மடியில் கிடந்தது, அசைந்தது. பொத்தான் ஒன்று டப்பென்று விட்டது. வழக்கமான அந்தத் தயக்கத்தோடு, யாருடைய கண்ணிலும் படாமல் போய்விட முடியுமா என்று பார்ப்பது போல, கை மெல்ல மெல்ல எழும்பி வலது கைக்குச் சமமாக வந்து நின்றுவிட்டது.

எழுதுபொருள் கடைக்காரர்தான் முதலில் பேசினார். "ஒரு கைக்கு ஒரு ஓட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. இது வேற கை. எண்ணுங்க."

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "சரி, எண்ணுங்க. ஐந்துக்கு ஐந்து. சரிசமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அத நான் ஆதரவாப் போடறேன். தீர்மானம் நிறைவேறியது."

அவ்வளவு கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சிரித்தாள். தையற்காரி. அவளுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தாள். இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணிய வருஷங்கள் மொத்தமும் அந்த இரண்டு கைகளில் இருந்தன. பொண்டாட்டிக்காக ஒரு கை தூக்கினார், தலைவருக்காகத் தூக்கிய கையை இறக்கவும் மனசு வரவில்லை. மாவு மில்காரி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தபோது சிரிப்பு வேறொன்றாக மாறியிருந்தது. இத்தனை காலம் வராத அழுகை அங்கேதான் வந்தது, எல்லோர் முன்னாலும். தலைவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு தலைவருக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. இன்றைக்கு இடது கையைத் தூக்கியவர் நாளைக்கு வலது கையை இறக்க மாட்டார் என்பதற்கு என்ன நிச்சயம்? தவிர, வீடுகள் போய்விட்டால் ஆறாம் வார்டே கிடையாது. இல்லாத வார்டுக்கு உறுப்பினர் எதற்கு? அடுத்த கூட்டத்திலேயே அவர் இறந்துவிட்டார் என்ற தீர்மானத்தைத் தலைவரே கொண்டுவந்தார். எட்டுப் பேரும் ஆதரித்தார்கள். ஆறாம் வார்டு உறுப்பினர் தன் சாவைத் தானும் ஆதரித்தார், கூடவே எதிர்க்கவும் செய்தார். இரண்டையும் எழுத்தர் குறித்துக்கொண்டார். உடம்பிலிருந்து பிரிக்க முடியாத நாற்காலியை மன்றத்தின் இருப்பிலிருந்து கழித்துவிடுவது என்பது அன்றைய மூன்றாவது தீர்மானம். பின்கதவின் நிலையைக் கொத்தி எடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். தம்பிதான் லாரி கொண்டுவந்தான். லாரியின் மேல் இரண்டு கைகளையும் தூக்கியபடி அவர் சந்தை முனையைக் கடந்தபோது, கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் என்ன செய்வதென்று தெரியாமல் தாங்களும் கையைத் தூக்கினார்கள்.

வீடு அப்போது பாதி இடிந்திருந்தது. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, நேராக இடுகாட்டுக்கே போனார்கள். உட்கார்ந்தவாக்கில் புதைக்க வேண்டியிருந்ததால் குழி ஆழமாக வேண்டும். வெட்டியவர்கள் மார்பளவு போனதும் பாறை தட்டியது. வேறு இடத்தில் வெட்டினார்கள், அங்கேயும் பாறை. கடைசியில் சாலையோரமாக ஓர் இடத்தில் கிடைத்த ஆழத்தில் இறக்கி, மேலே மேடு கட்டி மூடினார்கள். முதல் மழைக்கு மண் கரைந்து விரல்கள் தெரிந்தன. தையற்காரி ஆள் வைத்து மண் போட்டாள். அடுத்த மழைக்கு மணிக்கட்டு, அதற்கடுத்ததில் முழங்கை. மண் போடுகிறவனே ஒரு நாள், "அக்கா, இது நிக்காதுக்கா, காசு தண்டம்" என்று சொல்லிவிட்டான். அவளும் விட்டுவிட்டாள். சட்டைக் கையை மட்டும் தண்ணீர் ஒட்டாத துணியில் தைத்து மாட்டினாள்.

புதுக் குடியிருப்பு ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வரிசையாக. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். காற்று திரும்பினால் தங்கள் பழைய தெருவின் நாற்றம் இவ்வளவு தூரம் வந்து சேரும். இது நம்ம வீட்டுக் குப்பையா உங்க வீட்டுக் குப்பையா என்று ஆரம்பத்தில் கேலி பேசினார்கள், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்கள் சிலர் முதல் வருஷமே போய்ச் சேர்ந்தார்கள். மாவு மில்காரி மில்லை விற்றுவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போனாள். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பஸ். ஊருக்குப் போகும் பஸ் இடுகாட்டுச் சாலை வழியாகத்தான் போயிற்று, ஆனால் நிற்காது. முந்தின நிறுத்தத்துக்கு வெயிலில் நடந்து போவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். தையற்காரி தலையில் துணி மூட்டையோடு அப்படித்தான் நடந்தாள். நிறுத்தம் கேட்டு மன்றத்துக்கு எத்தனையோ முறை எழுதினார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்தது.

பனிக் காலத்தில் ஒரு காலை, புதிதாக வேலைக்கு வந்த ஓட்டுநர் ஒருவர், முன்னால் சாலையோரத்தில் யாரோ இரண்டு கையையும் தூக்கி அவசரமாக நிறுத்தச் சொல்வதைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தினார். ஏறுவதற்கு யாரும் வரவில்லை. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த கட்டட வேலைப் பெண்கள் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். அடுத்த நாள் இன்னொரு ஓட்டுநர். பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும், இருந்தாலும் பனி மூட்டத்தில் அந்தக் கைகளைப் பார்த்ததும் அவர்கள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மனுஷன் கை காட்டும்போது நிற்காமல் போக மனசு வரவில்லை என்று அவர்களில் ஒருவர் மேலதிகாரியிடம் சொன்னார். கொஞ்ச நாளில் பனி இல்லாத போதும், மதியத்திலும், மாலையிலும் பஸ் நின்றது. குடியிருப்பு ஜனங்கள் கைகளுக்குப் பக்கத்தில் நின்று காத்திருக்கப் பழகினார்கள். பிள்ளைகள் பள்ளிப் பையை அதில் மாட்டினால் பெரியவர்கள் அதட்டுவார்கள். மன்றம் அந்த இடத்தை நிறுத்தமாக அறிவித்துத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு எதுவும் இருக்கவில்லை. ஒரு சிமெண்ட் பெஞ்சும், மேலே தகரக் கூரையும் வந்தன; பெஞ்சைக் கைகளுக்காக நடுவில் இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள்.

அறிவிப்புப் பலகையில் புதுக் குடியிருப்பு என்று எழுதியிருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து பார்க்க வரும் மகள்கூட, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரெண்டு கைக்கு ஒரு டிக்கெட்" என்றுதான் கேட்கிறாள். சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டம் நெரியும். இடுகாட்டு மரங்கள் தெரியத் தொடங்கியதும் நடத்துநர் கம்பியைத் தட்டி, "ரெண்டு கை வருது, ரெண்டு கை, எறங்கறவங்க யாரு?" என்பார்.

"இங்க ஒருத்தர் இருக்கேம்பா, கொஞ்சம் மெதுவா நிறுத்து" என்று சொல்லி, தையற்காரி துணி மூட்டையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நகர்வாள்.